பாட்டிலுக்கும் கிளாசுக்கும் நடுவில்

போன வாரம் லோகேஷ் போன் செய்தான். என்னிடம் வேலை பழகியவன், இப்போது சூளூர்பேட்டைப் பக்கம் ஒரு ஓட்டல் பாரில் இருக்கிறான்.

"அண்ணா, பர்பன்ல புதினா போட்டு ஒண்ணு செய்வியே, அத்த வீட்ல எப்டி செய்யறது? சிநேகிதன் ஒருத்தன் அமெரிக்காவுல இருந்து பாட்டில் எடுத்தாந்து குடுத்தான்" என்றான்.

நான் உடனே சொல்லிவிடவில்லை. தினமும் பாரில் நிற்கிறவனுக்கு வீட்டில் செய்ய என்ன வந்தது? சிநேகிதன் எதற்காகச் சும்மா கொடுத்தான்? முதலில் மூடிக்குக் கீழே இருக்கும் வளையம் அறுந்திருக்கிறதா பார் என்றேன். பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, லேபிள் ஓரம் பசை காய்ந்து தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

"ரிட்டயர் ஆயும் நீ திருந்தல அண்ணா" என்று சிரித்தான். அப்புறம்தான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. இப்போதெல்லாம் ஆட்கள் போனில் வீடியோ பார்த்து வீட்டிலேயே கலந்துகொள்கிறார்களாம். பாருக்கு வந்தாலும் பார்மேனுக்கே பாடம் நடத்துகிறார்களாம். அதனால் நான் செய்யும் முறையை எழுதிக் கொடுத்தால் எங்கள் தொழில் பையன்களின் குரூப்பில் போடுவானாம். எழுதுகிறேன். ஆனால் இந்தப் பானத்தைப் பற்றி எழுதினால் என் வேலை போக இருந்த கதையையும் எழுதியாக வேண்டும். அது இல்லாமல் செய்முறை மட்டும் எழுத எனக்குத் தெரியாது.

பர்பன் என்பது அமெரிக்காக்காரர்கள் மக்காச்சோளத்தில் காய்ச்சும் விஸ்கி. கொஞ்சம் இனிப்பாக இருக்கும், கருகின மரத்தின் வாசனை வரும். அதற்குப் புதினா ஏன் என்று கேட்டால் வெயில்தான் காரணம். சித்தூர் வெயிலில் விஸ்கியை அப்படியே குடிக்கிறவன் நாக்கால் குடிக்கவில்லை, பிடிவாதத்தால் குடிக்கிறான்.

புதினாவில் ஆரம்பிப்போம். மார்க்கெட்டில் கட்டின் மேல் இலையைப் பார்த்து வாங்காதீர்கள். மேல் இலை எல்லாக் கட்டிலும் பச்சையாகத்தான் இருக்கும். கட்டைப் பிரித்து நடுவில் மூக்கை வையுங்கள். கொத்தமல்லியோடு ஒரே கோணியில் கிடந்த புதினா கொத்தமல்லியாகவே மணக்கும். கடைக்கார அம்மா திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அலசிவிட்டு, காம்பின் நுனியைக் கிள்ளி, டம்ளர் தண்ணீரில் நிறுத்திவையுங்கள். தொங்கிப்போன தலை நிமிரும்.

அடுத்தது பாகு. சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி ஆறவிட வேண்டும். அதில் வேறு எதுவும் விழக் கூடாது. எதுவும் என்றால் எதுவும்.

கிளாசுக்கு அலைய வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் போதும். கண்ணாடியைவிட அதுதான் நன்றாகக் குளிரும். அடியில் கொஞ்சம் இலை, அதன் மேல் ஒரு ஸ்பூன் பாகு. கரண்டிக் காம்பின் பின்பக்கத்தால் இலையை மெதுவாக அழுத்துங்கள். சட்னி அரைக்கிற மாதிரி நசுக்கினால் கசப்பு இறங்கும், அப்புறம் விஸ்கியைத்தான் குறை சொல்வீர்கள். பர்பன் ஒரு பெக் ஊற்றுங்கள். ஐஸைச் சுத்தமான துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் அடித்துத் தூளாக்கி, பாதி டம்ளருக்குப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரின் வெளியே வெள்ளையாகப் பனி பூக்கும் வரை கலக்க வேண்டும். பூத்ததும் மேலே குவியலாக இன்னும் ஐஸ். ஒரு புதினாக் கொத்தை உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் ஒரு தட்டு தட்டி, குடிக்கிறவன் மூக்குப் படுகிற இடத்தில் சொருகுங்கள். தட்டினால்தான் வாசனை எழும். ஒரு டம்ளரோடு எழுந்துவிடுவது மரியாதை.

செய்முறை இவ்வளவுதான். இனி என் கதை.

நான் நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். பவர்லூம் சத்தத்தில் காது போய்விடும் என்று பயந்து திருப்பதிக்கு ஓடிவந்தேன். அங்கே ஒரு ஓட்டலில் பெட்ஷீட் மாற்றினேன், ரூம்களுக்கு டிபன் தூக்கினேன், பிறகு பாரில் கிளாஸ் கழுவினேன். ஒருநாள் பார்மேன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, அவன் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார்கள். என் பயிற்சி அவ்வளவுதான். ஊரில் கேட்டால் "ஓட்டல்ல வேலை" என்பேன். பெருமாள் ஊரில் பாரில் நிற்கிறேன் என்று சம்பந்தி வீட்டில் சொல்ல முடியுமா? பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். நான் நின்றதோ பனைமரத்துக்கே அடியில்.

எங்கள் பார் மேனேஜர் சேஷகிரி சார். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவை நாக்கில் வைத்ததில்லை. ஆனால் எல்லாவற்றையும் மோந்து பார்ப்பார். கிளாஸை மோப்பார், துடைக்கிற துணியை மோப்பார். நாங்கள் வேலைக்கு வந்ததும் "ஏமய்யா, டை கோணலா உந்தி" என்று கிட்டே வந்து கழுத்துப் பட்டையைச் சரிசெய்வார். டை நேராகத்தான் இருக்கும். அவருக்கு வேண்டியது எங்கள் மூச்சு. மோந்து முடித்ததும் "ஊம்" என்பார். அந்த ஊமில் பல ரகம் உண்டு. சின்ன ஊம் என்றால் இன்றைக்குப் பிழைத்தாய். மூக்கு வழியாக நீளமாக வரும் ஊம் என்றால் மனசுக்குள் ஒரு வழக்குப் பதிவாகிவிட்டது.

காலி பாட்டிலைத் தன் கண்முன் உடைக்கச் சொல்வார், வேறு சரக்கு ஊற்றி மறுபடி வந்துவிடுமாம். திறந்த பாட்டிலில் சரக்கு நிற்கிற மட்டத்தில் நகப்பாலிஷால் கோடு இழுப்பார். இரண்டாவது நாள் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு கோடு இழுப்பார், அது ஏன் என்று யாருக்கும் தெரியாது. டூட்டியில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். எலுமிச்சம்பழத்தைக்கூட நக்கிப் பார்க்கக் கூடாது. தினமும் பார் திறக்கும் முன் கல்லாவுக்கு மேலே இருக்கும் பெருமாள் படத்துக்குக் கற்பூரம் காட்டுவார். காட்டும்போதும் ஒரு கண் எங்கள் மேல்தான் இருக்கும்.

எனக்கு அவரைப் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். எனக்கும் அவர் புத்திதான். நான் கிளாஸ் கழுவும் காலத்திலேயே பக்கத்தில் நிற்கிறவன் சோப்பை ஏன் ஒளித்துவைக்கிறான் என்று யோசிக்கிற ஆள். இரண்டு சந்தேகப்பிராணிகள் ஒரே அறையில் வேலை செய்தால் வேலை சுத்தமாகத்தான் நடக்கும்.

ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் பூட்ட வந்த அமெரிக்கர் ஒருவர் எங்கள் ஓட்டலில் தங்கினார். டேவிட் என்று பெயர். வயதானவர், அமைதியானவர். சாயங்காலம் காரிலிருந்து இறங்கினதும் குளித்துவிட்டு நேராகப் பாருக்கு வருவார். பர்பன், புதினா, ஒரே ஒரு டம்ளர். எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தது என் யோசனைதான். முதல்நாள் அதைப் பார்த்துக் கண்ணை விரித்தார். மறுநாள் முதல் கண்ணாடியில் கொடுத்தால் திருப்பி அனுப்பினார். முதலாளிக்கு அவர் முக்கியமான ஆள். அவர் கம்பெனி மொத்தமாக ரூம்கள் எடுத்திருந்தது.

அப்போதெல்லாம் பாகை நானே பார் பின்கட்டில் ஒரு சின்ன அடுப்பில் காய்ச்சுவேன். சேஷகிரி சாருக்கு அந்த அடுப்பின் மேல் சந்தேகம் வந்தது. பார்மேன் ஏன் அடுப்பாண்டை இவ்வளவு நேரம் நிற்கிறான்? அடுப்பை எடுத்துவிட்டு, இனிமேல் பாகு ஸ்வீட் செக்‌ஷனிலிருந்து வரும் என்றார். டப்பாவில் வரும், அதன் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுப் பூட்டிவைப்பார். அன்றாடம் தேவையானதைத் தானே ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி என்னிடம் தருவார். எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அந்த அடுப்பைச் சந்தேகப்பட்டிருப்பேன் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

அதே வாரத்தில் பர்பனில் புதுப் பெட்டி வந்தது. புதினா கொண்டுவருகிற ஆளும் மாறினான். எல்லாம் ஒன்றாக வந்ததுதான் வினை.

டேவிட் ஒரு வாய் குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார். என்னைக் கூப்பிட்டு மெதுவாக, இது நான் தினமும் குடிக்கிற பானம் இல்லை, இதில் மருந்து வாசனை அடிக்கிறது என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் எனக்கு அது நிஜம் என்று பட்டது. விஸ்கியில் மருந்து வாசனை என்று ஒரு வெளிநாட்டுக்காரர் சொன்னால் கலப்படச் சரக்கு என்றுதான் ஊர் பேசும். அவருக்கு ஒரு தலைவலி வந்தால்கூட லைசென்ஸ் போய்விடும்.

சேஷகிரி சார் வந்தார். டம்ளரை மோந்தார். நீளமான ஊம். டேவிட் கண்முன்னால் ஒரு புதுப் பாட்டிலின் சீலை உடைத்து, வெறும் பர்பனைக் கொடுத்தார். டேவிட் ருசித்துவிட்டுத் தலையாட்டினார், இது சரியாக இருக்கிறது என்றார். அதே பாட்டிலில் நான் மறுபடி கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டு வருத்தத்தோடு டம்ளரைத் தள்ளி வைத்தார்.

பின்கட்டுக்குக் கூப்பிட்டார் சேஷகிரி சார். "ஏமய்யா எத்திராஜ், பாட்டில் சுத்தம். கிளாஸ்ல கோளாறு. மத்தியில இருக்கறது எவரு?"

"நான்தான் சார்."

"அதான் நானும் சொல்றேன். நிஜம் செப்பு. பெக்ல பாதிய எடுத்துட்டு வேற என்ன ஊத்தற?"

"சத்தியமா ஒண்ணும் இல்ல சார்."

"சத்தியம் செய்யறவன நான் நம்பமாட்டேன்" என்றார்.

முதலாளி பெங்களூர் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவார், வந்ததும் சொல்லிவிடுவேன், அதற்குள் நீயாகச் சொன்னால் உனக்கு நல்லது என்றார். இந்தத் தொழிலில் கலப்படக்காரன் என்று பெயர் வாங்கி வெளியே போனால் சித்தூரிலும் வேலை கிடைக்காது, சென்னையிலும் கிடைக்காது. என் மகளுக்கு அப்போதுதான் புத்தூரில் சம்பந்தம் பேசியிருந்தோம்.

மறுநாள் பானம் செய்யும்போது என் முழங்கை இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார். புதினாவை மாற்றச் சொன்னார், மாற்றினேன். ஐஸை வேறு இடத்திலிருந்து தருவித்தார். டம்ளரை அவரே கழுவினார். ஆனாலும் டேவிட் முகத்தைச் சுளித்தார். நான் தப்புச் செய்யவில்லை என்பதை சார் கண்ணால் பார்த்துவிட்டாரே, இனி விடுவார் என்று நினைத்தேன். அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் பக்கத்துல நிக்கும்போதே செய்யறியே, நீ பெரிய ஆளுய்யா" என்றார். ஒருவன் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் அவன் நல்லபடி நடந்துகொள்வதும் திறமைக் கணக்கில்தான் சேரும்.

பாகை ஏன் யாரும் நினைக்கவில்லை என்று கேட்பீர்கள். நான் நினைத்தேன். குப்பியைத் திறந்து மோந்தேன், சர்க்கரைப் பாகு வாசனைதான் வந்தது. வாயில் வைக்க அவர் சட்டம் விடாது, அவர் கண் வேறு என் மேல். பாகைப் பற்றிச் சொல்லலாம் என்றால் அது அவர் கையெழுத்துப் போட்டுப் பூட்டிவைத்த சாமான். தன் பூட்டுக்குள் இருப்பதை எந்த மனிதன் சந்தேகப்படுவான்?

என் வீட்டிலும் ஒரு மேனேஜர் உண்டு, என் மனைவி கோமளா. பாரில் வேலை செய்கிறவன் குடிக்காமல் இருப்பான் என்று அவள் இன்றுவரை நம்பவில்லை. காலையில் துவைக்க எடுக்கும்போது என் சட்டையை மோந்துவிட்டுத்தான் வாளியில் போடுவாள். அந்தச் சனிக்கிழமை காலை, தோளில் போட்டுக்கொள்கிற துடைக்கும் துணியை மோந்தாள். திரும்பவும் மோந்தாள்.

"இந்தாய்யா, நேத்து நீ பார்ல இருந்தியா, பெருமாள் கோயில்ல இருந்தியா?"

"பார்லதான். ஏன்?"

"அப்ப இதுல ஏன் தீர்த்த வாசன வருது?"

"தீர்த்தமா? இன்னா ஒளற்ற?"

"நான் ஒளறல. ஒரு பக்கம் சாராய நாத்தம், ஒரு பக்கம் பச்சக் கற்பூரம். நீ குடிச்சிட்டு, வாசன தெரியக் கூடாதுன்னு கோயிலாண்ட போய் தீர்த்தம் வாங்கிக் குடிச்சிட்டு வந்துக்கீற. அந்தக் கையத் தொடச்சிக்கீற. பெருமாள கூட்டுச் சேத்துக்கினு என்ன ஏமாத்தப் பாக்கறியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேலையே போகப்போகிறது, இவள் இப்படிப் பேசுகிறாளே என்று துணியைப் பிடுங்கினேன். பிடுங்கின வேகத்தில் அது மூக்கில் பட்டது. அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. பச்சைக் கற்பூரம். கோயில் தீர்த்தத்திலும் லட்டிலும் போடுவது. திருப்பதியில் இருக்கிறவன் மூக்குக்கு அது தனியாகத் தெரியாது. போதாததற்கு எங்கள் பாரில் தினமும் கற்பூர ஆரத்தி. அதன் மேல் புதினா வேறு. புதினாவும் குளிர்ச்சி, கற்பூரமும் குளிர்ச்சி. இரண்டும் சேர்ந்தால் எங்கள் ஊர்க்காரனுக்குப் புதினா கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றுதான் தோன்றும். டேவிட் ஊரில் பெருமாள் தீர்த்தம் கொடுப்பதில்லை. அவருக்கு அது மருந்தாகப் பட்டிருக்கிறது.

நேராக ஓட்டலுக்குப் போனேன். ஸ்வீட் செக்‌ஷனில் வரதன் பூந்தி தேய்த்துக்கொண்டிருந்தார். புத்தலப்பட்டுக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நெற்றியில் நாமம் இல்லாமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டார். பார் இருக்கிற வராந்தா வழியாக நடக்கக்கூட மாட்டார், சுற்றிக்கொண்டு பின்வாசலால் போவார். எதிரில் வந்தால் "எத்திராஜு, சௌக்கியமா" என்பார், அதற்கு மேல் எங்களுக்குள் பழக்கம் இல்லை. அடுத்த வாரத்துப் பாகு ஒரு டப்பாவில் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன். முதலில் இனிப்பு, பின்னாலேயே தொண்டையில் குளிர்ச்சி.

"அண்ணா, இதுல இன்னா போட்டுக்கீற?"

"துளி பச்சக் கற்பூரம். ஏம்பா?"

"யாரு போடச் சொன்னாங்க?"

"யாராச்சும் சொல்லணுமா? வெறும் பாக எப்டிப்பா குடுத்து அனுப்பறது? ஜூஸ் கவுண்டருக்குன்னு சார் சொன்னாரு. ஜனங்க குடிக்கறது, நல்லா இருக்கட்டுமேன்னு போட்டேன்."

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. இவரும் சாரும் சேர்ந்து என்னை வெளியே தள்ளப் பார்க்கிறார்களோ என்றுகூட ஓடியது. அதனால் தயவு பார்க்காமல் முகத்துக்கு நேரே சொன்னேன். "ஜூஸுக்கு இல்லண்ணா. இது பாருக்குப் போவுது. விஸ்கில ஊத்தறோம். கலப்படம்னு ஞாயித்துக்கிழம என் வேல போவப்போவுது."

ஜல்லிக்கரண்டி அவர் கையில் அப்படியே நின்றது. கவிழ்த்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்தார். "பெருமாளே" என்று ஒரு வார்த்தை. எண்ணெயில் பூந்தி கருகுகிற வாசனை வந்தது. பக்கத்து அடுப்பு ஆள் ஓடிவந்து எடுத்தான்.

எங்கே அவர் பாகைக் கீழே கொட்டிவிட்டு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவாரோ என்று, டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சேஷகிரி சாரிடம் போனேன். எல்லாம் சொன்னேன். அவர் டப்பாவைப் பார்த்தார்.

"இதுக்கு மேல என் கையெழுத்து எங்க?"

"இன்னும் போடல சார், இது அடுத்த வாரத்துது."

"சீல் லேது. வழியில நீயே கற்பூரம் கலந்து எடுத்துனு வரலன்னு எப்படி நம்பறது?"

"அப்ப நீங்க பூட்டி வெச்சத ருசி பாருங்க சார். ஒரு சொட்டு."

"பார்ல இருக்கறது எதையும் நான் வாய்ல வைக்கமாட்டேன்" என்றார். திறந்து மோந்து மட்டும் பார்த்தார். தினமும் கற்பூர ஆரத்தி பழகிய மூக்குக்கு என்ன தெரியும்? "பாகு வாசனதானே" என்று மூடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளி வந்தார். டேவிட் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். சேஷகிரி சார் என் குற்றத்தைத் தெலுங்கில் அழகாக எடுத்துவைத்தார். பாட்டில் சுத்தம், கிளாஸில் கோளாறு, நடுவில் இவன். முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேச வாயெடுத்தால் கற்பூரம் என்ற சொல் எனக்கே கட்டுக்கதை மாதிரி இருந்தது. வரதனைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். "அவரு இங்க வரமாட்டாரு, அது தெரிஞ்சுதான் அவர் பேரைச் சொல்றான்" என்றார் சேஷகிரி சார். என் வேலை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது பார் கதவைத் தள்ளிக்கொண்டு வரதன் நின்றார். இடுப்பில் எண்ணெய்த் துண்டு, நெற்றியில் நாமம், காலில் செருப்பில்லை. குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டில்கள் அடுக்கியிருந்த சுவர்ப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"அந்தப் பாகு நான் காச்சினதுங்க. கற்பூரம் நான்தான் போட்டேன். எத்திராஜு மேல தப்பு இல்ல" என்றார் முதலாளியிடம். பிறகு சேஷகிரி சாரைப் பார்த்தார். "ஜூஸுக்குன்னு நீங்க சொன்னீங்க சார்."

முதலாளி திரும்பி சேஷகிரி சாரைப் பார்த்தார். சாருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "இவன் வந்து உன்ன இப்படிச் சொல்லச் சொன்னானா?" என்றார்.

வரதன் வலது கையை விரித்து நீட்டினார். "மோந்து பாருங்க" என்றார். சேஷகிரி சார் நகரவில்லை. நான் டேவிட்டிடம் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்துவந்து, குனிந்து, அந்தக் கையை மோந்து பார்த்தார். உடனே தலையைப் பலமாக ஆட்டினார். இதேதான், இதே வாசனைதான் என்றார். அப்புறம் இன்னும் ஏதோ நீளமாகச் சொல்லிச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கு உயிர் திரும்பியிருந்தது. வரதன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீட்டின கையை மடக்கித் துண்டில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்கட்டுக் குழாயில் வேட்டியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார் என்று பிறகு சொன்னார்கள்.

சேஷகிரி சார் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. மறுநாள் என் பழைய அடுப்பு பின்கட்டுக்குத் திரும்பி வந்திருந்தது, அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. டேவிட் ஊருக்குப் போகும் வரை தினமும் தன் டம்ளரைக் காலி செய்தார். என் மகள் கல்யாணமும் நல்லபடியாக நடந்தது.

நான் வரதனிடம் நன்றி சொல்லப் போனேன். "ஏண்ணா வந்த? வராம இருந்திருந்தா உன்ன யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்களே" என்றேன். "நான் போட்டத நான்தானப்பா சொல்லணும்" என்றுவிட்டு லட்டுப் பிடிக்கத் திரும்பிவிட்டார். இதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய உதவி செய்தவன் பெரிதாக ஏதாவது கேட்டு வருவான், இவர் எப்போது வருவார் என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. எதிரில் பார்த்தால் "சௌக்கியமா" என்பார், பழையபடி பின்வாசலால் போவார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அவர் ஓய்வு பெற்றார். சமையல்கட்டில் சால்வை போர்த்தினார்கள். சாயங்காலம் அந்தச் சால்வையோடு பார் வராந்தாவின் கடைசியில் நின்றுகொண்டு, கைகாட்டி என்னைக் கூப்பிட்டார். இதோ, இன்றைக்குக் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். பேரனுக்கு வேலையாக இருக்கும், முதலாளியிடம் சிபாரிசு வேண்டியிருக்கும் என்று வாசலைத் தாண்டுவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

"எத்திராஜு, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு என் கைய மோந்துட்டு அந்த வெள்ளக்காரரு என்னமோ சொல்லிச் சிரிச்சாரே, எல்லாரும் சிரிச்சீங்களே. இன்னாப்பா சொன்னாரு?"

அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அன்றைக்கு என் புத்தியில் ஏறவே இல்லை.

"இவ்ளோ நல்ல வாசனைய எடுத்தாந்து என் விஸ்கில வேஸ்ட் பண்ணிட்டாரேன்னு சொன்னாருண்ணா" என்று டேவிட் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நெசமா?"

"நெசமா."

"பெருமாள் கற்பூரத்தக் கிண்டல் பண்ணலியே?"

"இல்லண்ணா. சத்தியமா இல்ல."

என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சொல்வது பொய்யோ என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சால்வையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"நான் வேற நெனச்சிக்கினு இருந்தேம்பா, இத்தினி வருஷமா" என்றார்.

இந்தத் தடவை பின்வாசலுக்குச் சுற்றிப் போகவில்லை. பார் கதவைக் கடந்து வராந்தா வழியாகவே நடந்து போனார்.